மாதவிடாய் நின்ற பிறகு எலும்புக்கும் சீனிக்கும் என்ன சம்பந்தம்?

போன மாரியில் பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். பெரிய விழுகை இல்லை. நின்ற இடத்தில் கால் சறுக்கி, வலது கையை ஊன்றி உட்கார்ந்தார், அவ்வளவுதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. பார்க்க வந்த எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "வயசு போனா எலும்பு தேயுந்தானே புள்ள."

பெரியம்மாவுக்கு 61 வயது. பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகிறவர். அன்றிரவு அவருடைய கிளினிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். மூலை மடிந்து, எண்ணெய்க் கறை பிடித்த கொப்பி. மாதாமாதம் சீனி, பிரஷர், இடைக்கிடை கொலஸ்ரோல், மருந்துப் பெயர்கள். எலும்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதைக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதும் இல்லை. சீனி ஒரு வருத்தம், எலும்பு இன்னொரு வருத்தம் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த நினைப்புத்தான் பிழை. மாதவிடாய் நின்ற பெண்ணின் உடம்பில் சீனி, கொழுப்பு, தசை, எலும்பு எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியவை. ஒன்றை இழுத்தால் மற்றது அசையும். அது எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரு சொல்லுக்குள் இரண்டு வருத்தம்

முதலில் "எலும்புத் தேய்வு" என்ற சொல்லைப் பிரித்து வைக்க வேண்டும். மட்டக்களப்பிலும் சரி, கல்முனை அக்கரைப்பற்றுப் பக்கமும் சரி, முழங்கால் நோவுக்கும் இதைத்தான் சொல்கிறோம், இடுப்பெலும்பு முறிந்தாலும் இதைத்தான் சொல்கிறோம்.

முழங்காலில் நடப்பது மூட்டுத் தேய்வு. இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு பழுதாகிப்போவது. அது நோகும், வீங்கும், படியேறவிடாது. மற்றது எலும்புப்புரை. எலும்பின் உட்பகுதி ஐதாகி, சின்ன விழுகைக்கே முறியும் அளவுக்குப் பலம் குறைவது. இது நோகாது. முறியும் வரைக்கும் ஒரு சத்தமும் காட்டாது. "எனக்கு எங்கயும் நோவில்லை, எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னால், அவர் மூட்டைப் பற்றிச் சொல்கிறார். எலும்பைப் பற்றி அந்த வார்த்தை எதுவும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

எலும்பு ஒரு கிடுகு வேலி

எலும்பைக் கல்லு மாதிரி நினைக்கிறோம். ஒருமுறை வளர்ந்தால் அப்படியே கிடக்கும் சாமான் என்று. உண்மையில் அது எங்கள் ஊர்க் கிடுகு வேலி மாதிரி. இப்போது மதிலும் தகரமும் வந்துவிட்டாலும், மாரி முடிந்து தை, மாசியில் வேலி அடைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். வேலி வருடம் முழுக்க நிற்கும். ஆனால் அதே ஓலை நிற்பதில்லை. உக்கிய கிடுகை ஒருவர் பிடுங்கிக்கொண்டு போவார், பின்னால் இன்னொருவர் புதுக்கிடுகு வைத்துக் கட்டிக்கொண்டு வருவார்.

எலும்பிலும் இப்படி இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. பழையதை அரித்து எடுக்கும் கலங்கள் ஒரு கூட்டம், புதியதைக் கட்டும் கலங்கள் இன்னொரு கூட்டம். வளர்ந்த ஒருவரின் எலும்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் இப்படிப் புதிதாகிறது. முப்பது வயதளவில் எலும்பு தன் உச்சப் பலத்தை அடைகிறது. அதற்குப் பிறகு பிடுங்குவதும் கட்டுவதும் சமமாக இருந்தால் போதும், வேலி நிற்கும்.

இதில் ஒரு சங்கதியை மறக்கக் கூடாது. பிடுங்குவது சுறுக்கு, கட்டுவது மெதுவு. ஓரிடத்தை அரித்து முடிக்கக் கிட்டத்தட்ட மூன்று கிழமை. அதே பள்ளத்தை நிரப்ப மூன்று நான்கு மாதம். ஆகவே பிடுங்குகிறவர்களை யாராவது அடக்கி வைக்க வேண்டும்.

அடக்கி வைத்த கை விலகும்போது

பெண்ணுடம்பில் அந்த வேலையைச் செய்வது ஈஸ்ட்ரோஜன். சூலகங்கள் சுரக்கும் ஓமோன் அது. ஓமோன் என்றால் இரத்தத்தில் கலந்து போய் உடம்பின் பல இடங்களுக்கும் கட்டளை சொல்லும் இரசாயனத் தூது. "போதும், அதை விடு, இன்னும் உக்கவில்லை" என்று வேலிக்கருகே நின்று சொல்லும் வீட்டுக்காரி மாதிரி, அரிக்கும் கலங்களின் எண்ணிக்கையையும் ஆயுளையும் அது கட்டுக்குள் வைத்திருக்கிறது.

தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று கணக்கு. பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில். அதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் வேகமாகக் குறைகிறது. அரிக்கும் கலங்கள் கூடுகின்றன, கூடுதல் நாள் வாழ்கின்றன. கட்டுகிறவர்களும் சும்மா இருப்பதில்லை, அவர்களும் வேகம் பிடிக்கிறார்கள். ஆனால் மூன்று கிழமைப் பள்ளத்தை நான்கு மாதத்தில் நிரப்புகிறவர்கள் எப்படி ஈடுகொடுப்பது? கடைசி மாதவிடாயைச் சுற்றியுள்ள சில வருடங்கள்தான் எலும்பு ஆக வேகமாகக் கரையும் காலம். மாதவிடாய் நிற்பதையும் எலும்புப்புரையையும் தெளிவாகச் சேர்த்துச் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட். அது 1940களின் தொடக்கத்தில். எண்பது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதி இன்னும் எங்கள் குசினிகளுக்கு வந்து சேரவில்லை என்பது எனக்கு மிகவும் கவலை.

நாற்பத்தைந்துக்கு முன்னரே மாதவிடாய் நின்றவர்களும், சத்திரசிகிச்சையில் இரண்டு சூலகங்களையும் எடுத்தவர்களும் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு இந்த இழப்பு முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. "கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்று மட்டும்தான் பலருக்குத் தெரியும். சூலகத்தையும் எடுத்தார்களா என்று சத்திரசிகிச்சைத் துண்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: எலும்பு உயிருள்ள வேலி. பிடுங்குவதும் கட்டுவதும் ஓயாமல் நடக்கிறது. பிடுங்குவதை அடக்கி வைத்த ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் வேலி ஐதாகிறது. சரி, இதில் சீனி எங்கே வந்தது?

நெல்லு மூட்டையும் அறையும்

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் அனுசேபம் என்று ஒரு சொல் படித்திருப்போம். சாப்பாட்டை உடம்பு சக்தியாக மாற்றுவது, மிஞ்சியதைச் சேமிப்பது, தேவைப்படும்போது எடுத்துச் செலவழிப்பது, இந்த முழுக் கணக்குவழக்குக்கும் பெயர் அனுசேபம்.

படுவான்கரையில் அறுவடை முடிந்து நெல்லு மூட்டைகள் வீட்டுக்கு வரும் நாளை நினைத்துப் பாருங்கள். உள்ளே பெரிய அறை இருந்தால் மூட்டைகள் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அறை சிறுத்துப் போனால்? விறாந்தையில் நிற்கும். சோறோ பிட்டோ இடியப்பமோ சாப்பிட்ட பிறகு இரத்தத்துக்கு வரும் சீனிதான் அந்த மூட்டை. அதை அதிகம் உள்ளே எடுக்கும் அறை எங்கள் தசை. "மூட்டை வந்திருக்கு, உள்ளுக்கு எடுங்க" என்று கூப்பிடும் குரல் இன்சுலின் என்ற ஓமோன்.

வயது ஏற ஏறத் தசை குறைகிறது, அதாவது அறை சிறுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கொழுப்பு சேரும் இடமும் மாறுகிறது. முன்பு இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்தது இப்போது வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர்கிறது. இந்த வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. உடம்பு முழுக்க மெல்லிய அழற்சியை, அதாவது புண் ஆறாமல் கனன்றுகொண்டிருப்பது போன்ற நிலையை, உண்டாக்கும் பொருட்களைச் சுரக்கிறது. அதனால் இன்சுலின் கூப்பிடுவது கலங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. மூட்டைகள் விறாந்தையில் நிற்கின்றன. கெட்ட கொலஸ்ரோலும் இதே காலத்தில்தான் ஏறுகிறது.

மருத்துவர்கள் இதற்கு ஐந்து அளவுகள் பார்ப்பார்கள். எங்களைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றர் அல்லது கூட. பிரஷர் 130க்கு 85 அல்லது கூட. வெறுவயிற்றுச் சீனி 100 அல்லது கூட. இரத்தத்தில் ட்ரைகிளிசரைட்டு என்ற கொழுப்பு 150 அல்லது கூட. நல்ல கொலஸ்ரோல் 50க்குக் குறைவு. இவற்றில் ஏதாவது மூன்று இருந்தால் அனுசேபம் குழம்பியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு தையல் அளவு நாடா போதும், முதல் அளவை வீட்டிலேயே பார்க்கலாம்.

இப்போது முடிச்சுக்கு வருகிறோம். அதே அழற்சிப் பொருட்கள் எலும்பை அரிக்கும் கலங்களையும் தூண்டுகின்றன. அதே தசைதான் எலும்பை இழுத்து, "இங்கே பலம் வேண்டும்" என்று அதற்குச் சொல்கிறது. தசை குறைந்தால் சீனிக்கு அறை இல்லை, எலும்புக்கு இழுவையும் இல்லை. ஒரே நட்டம் இரண்டு கணக்கில் விழுகிறது.

ஓலை காய்ந்தால்

எனக்கு விளங்க ஆகக் கூடுதல் நேரம் எடுத்த பகுதி இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எலும்பின் அடர்த்தியை அளக்க ஒரு எக்ஸ்றே முறை இருக்கிறது. டெக்ஸா என்பார்கள். ஆரோக்கியமான இளம்பெண்ணின் எலும்போடு ஒப்பிட்டு ஒரு எண் தரும், அதற்கு டீ-ஸ்கோர் என்று பெயர். மறை 1க்கு (-1) மேல் என்றால் சரி. மறை 1க்கும் மறை 2.5க்கும் இடையில் என்றால் குறைவு தொடங்கிவிட்டது. மறை 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. இது உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த எல்லை.

சாதாரணமாக நாங்கள் எதிர்பார்ப்பது, சீனி வருத்தக்காரருக்கு இந்த எண் மோசமாக இருக்கும் என்றுதானே? இல்லை. இரண்டாம் வகை நீரிழிவு, அதாவது எங்கள் ஊரில் நாற்பதுக்கு மேல் வரும் வழக்கமான சீனி வருத்தம், இருக்கும் பலருக்கு அடர்த்தி சரியாகவே இருக்கும், சிலவேளை கூடவும் இருக்கும். ஆனாலும் அவர்களுக்கு எலும்பு முறிவது மற்றவர்களைவிட அதிகம். எண் நல்லது, எலும்பு பலவீனம். இதெப்படி?

வேலிக்கே திரும்பிப் போவோம். தூரத்தில் நின்று பார்த்தால் வேலி தடிப்பாக இருக்கிறதா, இடைவெளி விழுந்திருக்கிறதா என்று தெரியும். ஓலை பச்சையா, காய்ந்ததா என்று தெரியாது. பச்சை ஓலையை வளைத்தால் வளையும். காய்ந்த ஓலையை வளைத்தால் படக்கென்று முறியும்.

எலும்பில் கல்சியம் மட்டும் இல்லை. அதற்குள்ளே கொலாஜன் என்ற புரத நார் ஓடுகிறது. கல்சியம் உறுதி தரும், கொலாஜன் வளைந்து கொடுக்கும். இரத்தத்தில் சீனி பல வருடம் கூடி நின்றால், அந்தச் சீனி கொலாஜன் நாரில் ஒட்டி, ஒரு நாரை இன்னொரு நாரோடு பிணைத்து விறைக்க வைத்துவிடுகிறது. பலகாரம் பொரியும்போது மேல்தோல் சிவந்து மொறுமொறு என்று ஆவதும் சீனியும் புரதமும் சேரும் இதே வகை இரசாயனம்தான். உடம்புக்குள் அது மிக மெதுவாக நடக்கிறது. கூடவே, நீரிழிவில் பிடுங்குவது, கட்டுவது இரண்டுமே மந்தமாகின்றன. காய்ந்த ஓலை மாற்றப்படாமலே வேலியில் நிற்கிறது. டெக்ஸா அளப்பது வேலியின் தடிப்பை. ஓலையின் பச்சையை அது அளக்காது.

ஆகவே சீனியைக் கட்டுப்படுத்துவதும் எலும்பைப் பாதுகாக்கும் வேலைதான். பன்னிரண்டு வருடம் கிளினிக் போன பெரியம்மாவுக்கு இதை ஒருவர் ஒரு நிமிடம் சொல்லியிருந்தால், பின்னேரப் பிளேன்ரீயில் போடும் மூன்று கரண்டிச் சீனியை வேறு கண்ணோடு பார்த்திருப்பார்.

ஊரில் சொல்லும் சில கதைகள்

"உடம்புள்ள பொம்பிளைக்கு எலும்பு முறியாது." இதில் பாதி உண்மை. பாரம் தாங்கும் எலும்பு பலப்படும், கொழுப்பிழையமும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் செய்யும். மற்றப் பாதி, வயிற்றுக் கொழுப்பின் அழற்சி. உடல் பருத்தவர்களுக்குக் கணுக்காலும் மேற்கையும் முறிவது உண்மையில் அதிகம். அதற்காகப் பட்டினி கிடந்து சடுதியாக மெலிவதும் ஆபத்து, கொழுப்போடு தசையும் எலும்பும் சேர்ந்து கரையும்.

"இந்த வெயிலுக்குள்ள விற்றமின் டி குறையுமா?" குறையும். கல்சியத்தைக் குடல் உறிஞ்ச விற்றமின் டி தேவை, அதைத் தோல் வெயிலில் செய்கிறது. ஆனால் வெயில் ஊரில் இருந்தால் போதாது, தோலில் வெயில் பட வேண்டும். நாங்கள் வெயிலுக்குப் பயந்து கூரைக்குள்ளேயே நிற்கிறோம், வெளியே போனால் உடலை மூடிக்கொண்டு போகிறோம். கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரமும் வேண்டும். விடியற்காலை இளவெயில் இதமாக இருக்கும், ஆனால் அதில் இதற்கான கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாகும் நேரத்து வெயில்தான் உதவும், எங்கள் பக்கம் ஏறக்குறைய ஒன்பதிலிருந்து மூன்று வரை. முழுக்க மூடி உடுத்தும் சகோதரிகள் வீட்டு முற்றத்தில் மறைவாகக் கையையும் காலையும் காட்டி நிற்கலாம். அதற்கும் வழியில்லை என்றால் டொக்டரிடம் கேட்டு விற்றமின் டி குளிசை எடுக்கலாம், அதில் குறை ஒன்றுமில்லை.

"வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பில கல்சியம் இருக்குதானே" என்று அம்மாச்சிமார் சொல்வார்கள். அதை நம்பித் தொடர வேண்டாம். அதோடு சேரும் பாக்கு வாய்ப்புற்றுநோயைத் தரும் என்பது உறுதியான விசயம்.

விழுவதும் வருத்தத்தின் ஒரு பகுதிதான்

நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் அது விபத்து என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. நல்ல எலும்பு அப்படி முறியாது. மணிக்கட்டு முறிவு பலருக்கு முதல் மணிச்சத்தம், இடுப்பு முறிவு அதற்குப் பத்துப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு வருவது.

சீனி விழுத்தவும் செய்யும். கால் விறைத்துப் பாதம் தரையை உணராது. கண் மங்கும். மருந்து எடுத்துவிட்டுச் சாப்பிடத் தாமதித்தால் சீனி இறங்கித் தலை சுற்றும். பிரஷர் குளிசை எடுப்பவர் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் கண் இருட்டும். பெரியம்மாவின் கிணற்றுக்கட்டில் மாரிப் பாசி பிடித்திருந்தது, செருப்பு அடி தேய்ந்து வழவழவென்று இருந்தது, அவர் கண்ணாடி மாற்றி நாலு வருடம். முறிவுக்குப் பிறகு நாங்கள் செய்த முதல் வேலை பாசியைச் சுரண்டிச் சொரசொரப்பாகச் சீமெந்து பூசியது. இரண்டாவது, கக்கூசுக்குப் போகும் வழியில் இரவு எரிய ஒரு சின்ன பல்ப்.

தட்டிலும் கையிலும்

ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம் தேவை. அரிசியில் அது மிகச் சொற்பம். குரக்கன் மா 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எங்கள் எருமைத் தயிர் இருக்கிறது, ஆனால் அதன்மேல் கொட்டும் சீனியைக் குறைக்க வேண்டும். முள்ளோடு சாப்பிடும் நெத்தலி மிக நல்லது, கருவாடானால் ஊறவைத்து உப்பை எடுத்துவிடுங்கள். முருங்கையிலை வேலியோரத்திலேயே நிற்கிறது.

கல்சியத்தைவிட எனக்குக் கவலை புரதம். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் அம்மா. மீன் துண்டெல்லாம் மற்றவர்களின் கோப்பைக்குப் போய்விடும், அவருக்குச் சோறும் குழம்பும். தசையும் கொலாஜனும் புரதத்தால்தான் ஆனவை. ஒரு முட்டை, ஒரு மீன் துண்டு, ஒரு கைப்பிடி பயறு அல்லது கடலை, ஒவ்வொரு நேரமும் அவர் கோப்பையில் முதலில் விழ வேண்டும்.

அப்புறம் உடற்பயிற்சி. கல்லடிப் பாலத்தில் பின்னேரம் நடப்பது சீனிக்கும் நெஞ்சுக்கும் நல்லது. எலும்புக்கு அது மட்டும் போதாது. எலும்பு தன்னை வளைக்கும் பாரத்துக்குத்தான் பதில் சொல்லும். பாரமே இல்லாத விண்வெளியில் இருப்பவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் கரைகிறது. ஆகவே கதிரையில் கை ஊன்றாமல் பத்துத்தரம் எழும்பி உட்காருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்குங்கள். ஒரு லீற்றர்த் தண்ணிப் போத்தலைத் தூக்கி இறக்குங்கள். முதுகெலும்பு ஏற்கெனவே நெரிந்தவர்கள் மட்டும் குனிந்து பாரம் தூக்கக் கூடாது.

மருந்துகளும் உண்டு. அலெண்ட்ரோனேட் என்ற குளிசை, அரிக்கும் கலங்களை அடக்கும், கிழமைக்கு ஒன்று. விடிய வெறுவயிற்றில் ஒரு கோப்பை வெறும் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணித்தியாலம் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் அது உணவுக்குழாயைப் புண்ணாக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டொக்டர் பார்த்துத்தான் தருவார். ஈஸ்ட்ரோஜனையே மருந்தாகக் கொடுப்பதும் இருக்கிறது. 60 வயதுக்கு முன் அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிறவர்களுக்குத்தான் அது கூடுதலாகப் பொருந்தும், மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொருந்தாது.

அடுத்த கிளினிக்குக்கு முன்

முப்பத்தைந்து தாண்டிய பெண்களுக்காகவே சுகாதார வைத்திய அதிகாரி கந்தோர்களில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. சீனி, பிரஷர் அங்கே பார்ப்பார்கள். போகும்போது இவற்றையும் சொல்லுங்கள்: மாதவிடாய் எத்தனை வயதில் நின்றது, சூலகம் எடுத்ததா, சின்ன விழுகையில் எலும்பு முறிந்ததா, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிந்ததா, முட்டு வருத்தத்துக்கோ (ஆஸ்துமா) வாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீரொயிட் குளிசை எடுத்தீர்களா. கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

இன்னுமொன்று. எங்கள் வீட்டுக் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்துக்குப் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். பெரியம்மாவையும் செருப்பில்லாமல் அதில் சாய்ந்து நிற்கச் சொல்லிக் கோடு போட்டேன். முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமல் நெரிந்து கிடக்கும், உயரம் குறைவதுதான் வெளியே தெரியும் அடையாளம். இளமையில் இருந்த உயரத்திலிருந்து நான்கு சென்ரிமீற்றர் அல்லது கூடக் குறைந்திருந்தால் முதுகை எக்ஸ்றே எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரியம்மாவின் உயரம் வேலைக்குச் சேர்ந்த காலத்து மருத்துவத் துண்டில் எழுதியிருந்தது. ஐந்து சென்ரிமீற்றர் குறைந்திருக்கிறது. அந்தத் துண்டையும் புது அளவையும் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன், வருகிற செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போகிறேன்.